பிள்ளை சொல்லாமல் விட்டால் நமக்கு என்ன தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

கடந்த இரண்டு மாதங்களில் வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டிளமைப் பருவப் பிள்ளைகளையும் அவர்களை வளர்க்கும் விதத்தையும் பற்றியவை. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சற்றுச் சுருக்கியும் இருக்கிறேன்.

*

கேள்வி: டீச்சர், நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாதம் ஒரு தடவைதான் வருவார். மகள் தரம் 11 படிக்கிறாள். ஏழெட்டு மாதங்களுக்கு முன் அவளுடைய போனில் ஒரு பையன் அனுப்பியிருந்த செய்திகளைப் பார்த்துவிட்டேன். ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வைத்தே, பக்கத்துக் காம்பிராக்காரர்கள் (அறை வீட்டுக்காரர்கள்) பார்க்க ஏசிவிட்டேன். அதற்குப் பிறகு பாடசாலை, டியூஷன், வீடு என்று ஒழுங்காகத்தான் இருக்கிறாள். ஆனால் என்னோடு பேச்சில்லை. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். நான் கண்டிப்பாக இருந்தது பிழையா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: கண்டிப்பாக இருந்தது பிழையில்லை அம்மா. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாள், போனை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறாள் என்பவற்றுக்கெல்லாம் பெற்றவள் எல்லை வைக்கத்தான் வேண்டும். பிழை நேர்ந்தது இஸ்தோப்பில்.

பெற்றோரின் கட்டுப்பாட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று பிள்ளையின் நடத்தைக்கு வைக்கும் கட்டுப்பாடு: இத்தனை மணிக்குள் வர வேண்டும், போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பன போல. மற்றது பிள்ளையின் மனதையே பிடித்து வளைக்கும் கட்டுப்பாடு: வெட்கப்படுத்துவது, குற்ற உணர்ச்சியை ஊட்டுவது, "இனி நீ என் பிள்ளையே இல்லை" என்று அன்பைத் திருப்பி எடுத்துக்கொள்வது. அமெரிக்க ஆய்வாளர் பிரையன் பார்பர் 1996இல் இந்த வேறுபாட்டை விளக்கி எழுதினார். நடத்தைக்கு அளவான எல்லை இல்லாத பிள்ளைகள் வெளியே வம்பில் மாட்டிக்கொள்வதும், மனதை வளைக்கும் கட்டுப்பாட்டுக்கு ஆளான பிள்ளைகள் உள்ளுக்குள் சோர்ந்து மனச்சோர்வின் பக்கம் சாய்வதும் அதன் பிறகு வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளன. நீங்கள் வைத்த எல்லை முதல் வகை. அதை வைத்த விதம் இரண்டாம் வகை.

நம்முடைய லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு காம்பிராவில் தேங்காய் துருவினால் மூன்றாவது காம்பிராவுக்குக் கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஐந்தாறு பேர் படுத்து எழும்பும் வீட்டில் வளர்கிற பெண் பிள்ளைக்கு, யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்று ஒன்று இருந்தால் அது அவளுடைய மனம் மட்டுமே. அன்று அது ஊருக்கு முன்னால் திறந்து கொட்டப்பட்டது. அவள் இப்போது அதைப் பூட்டி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

நான் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியையாக இருந்த காலத்தில் ஒரு தாய் வேலை முடிந்த கையோடு, படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே என்னைப் பார்க்க வந்தார். அவருடைய பெண்ணும் இப்படித்தான் பேச்சை நிறுத்தியிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது, கொழுந்து மடுவத்தில் நிறுவை குறைந்த நாளில் எல்லார் முன்னாலும் தன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள் என்றும், அன்றைக்கு அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும் என்றும், பணம் போனதைவிட அந்தக் கத்தல்தான் இரவு வரைக்கும் காதில் நிற்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "வீட்டுக்கு வந்து நானும் அதையேதான் செய்யிறேன் போல, டீச்சர்" என்றார். அதற்கு மேல் நான் அவருக்கு எடுத்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பவை எங்கிருந்து வருகின்றன என்று சுவீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கண்காணிப்பதாலும் துருவித் துருவிக் கேட்பதாலும் பெற்றோர் அறிந்துகொள்வதைவிட, பிள்ளை தானாக வந்து சொல்வதால் அறிந்துகொள்வதே அதிகம் என்பது அவர்கள் கண்டது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. காலை ஆறரைக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பின்னேரம் வரை மலையில் நிற்கும் தாயால் பிள்ளையைக் கண்காணிக்கவே முடியாது. பிள்ளை வந்து சொன்னால்தான் உண்டு. ஒரு போனைப் பிடுங்கியதில், அந்த ஒரு வழியும் அடைபட்டுப் போயிற்று.

ஆகவே, எல்லையைத் தளர்த்த வேண்டாம். வெட்கப்படுத்தியதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். "போன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் நாலு பேர் பார்க்க உன்னை ஏசியிருக்கக் கூடாது" என்று இரண்டு வசனத்தில் சொன்னால் போதும். அன்றைக்கே அவள் பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவில் ரொட்டிக்கு மாவு பிசையும்போதோ, வெளியில் காயப்போட்ட உடுப்பை மடிக்கும்போதோ பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிடக் கை வேலையாக இருக்கும்போது பேசுவது இலகு. அந்த நேரத்தில் பரீட்சையைப் பற்றியும் அந்தப் பையனைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள். போனை எப்போது, எந்த நேரத்துக்கு, எந்த நிபந்தனையோடு திருப்பிக் கொடுப்பது என்பதை அவளையும் உட்கார வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். பேசாமலிருப்பதோடு, தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ குறைந்து, முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஈடுபாடு அற்றுப்போனால், அது கோபம் அல்ல. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

*

கேள்வி: எங்கள் அப்பா பெல்ட்டால் அடித்துத்தான் எங்களை வளர்த்தார். நான் கெட்டா போய்விட்டேன்? இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு 14 வயது. அடித்தால்தான் படிக்கிறான். இப்போது பாடசாலையிலும் அடிக்கக் கூடாது, வீட்டிலும் அடிக்கக் கூடாது என்கிறார்கள். தேயிலையைக் கூடக் கவ்வாத்து வெட்டினால்தானே துளிர்க்கும்?
– ஒரு தந்தை, பண்டாரவளை

பதில்: ஐயா, கவ்வாத்தைப் பற்றி எழுதியதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உயர்ந்த மலைகளில் ஒரு செடிக்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் கவ்வாத்து. வெட்டும்போதும் பல இடங்களில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டு வைப்பார்கள், செடி அதை வைத்துத்தான் உயிர் பிடிக்கும். வெட்டிய பிறகு துளிர் வளர்ந்து நிமிரும் வரை மாதக்கணக்கில் அதில் கொழுந்தெடுக்க மாட்டார்கள். நீங்கள் மகனுக்கு அவ்வளவு ஓய்வு கொடுக்கிறீர்களா?

"அடித்தால்தான் படிக்கிறான்" என்ற உங்கள் வரியிலேயே விடை இருக்கிறது. அடி இல்லாத நேரத்தில் படிப்பதற்கு அவனுக்கு வேறொரு காரணம் இன்னும் கிடைக்கவில்லை. உடல் தண்டனை பற்றி ஐந்து தசாப்தங்களில் வெளிவந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகள் பற்றிய தரவுகளை அமெரிக்காவின் கெர்ஷோப், குரோகன்-கெய்லர் ஆகியோர் 2016இல் வெளியிட்டார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலக் குறைபாடுகளும் கூடுதலாகவும், பெற்றோருடனான உறவு நலிந்தும் காணப்பட்டன. அடி நல்ல பலன் தந்ததாக எதுவும் காணப்படவில்லை. குழப்படிக்காரப் பிள்ளைதானே கூடுதலாக அடி வாங்கும், எது முதல், எது பின் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பிள்ளையைச் சில ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

நம் நாட்டில் பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. அதை ஆசிரியர்களே முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரம்பில்லாமல் வகுப்புக்குள் நுழைய நானும் முதல் தவணையில் தடுமாறினேன்.

அடிக்குப் பதில் என்ன? விளைவைச் சொல்லிவிட்டு, சொன்னபடி செய்வது. வீட்டு வேலை முடியாவிட்டால் அன்றைக்குக் கிரிக்கெட் இல்லை என்றால் இல்லைதான். அதைக் கத்தாமல் சொல்லுங்கள், மறுநாள் மறந்தும் விடாதீர்கள். கத்துவது இலகு, சொன்னதைச் செய்வதுதான் கஷ்டம். இன்னொன்று, இந்த வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிந்து விழுவதாகவும் சிடுசிடுப்பாகவும் வரும். அதைத் திமிர் என்று எண்ணி அடித்துவிடுகிறோம்.

நீங்கள் கெட்டுப்போகவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும், இத்தனை ஆண்டுகள் கழித்து உங்கள் அப்பாவைப் பற்றி எழுத வந்த கடிதத்தின் முதல் வரியில், வேறு எதுவும் நினைவுக்கு வராமல் அந்தப் பெல்ட்தான் வந்திருக்கிறது.

*

கேள்வி: மகள் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போய் நான்கு வருடம். பேரனுக்கு 13 வயது. தாயில்லாத பிள்ளை என்று கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டோம். இல்லையென்றால் தாய்க்கு போன் எடுத்து அழுவான். அவளும் அழுது, வாங்கிக் கொடுங்கள் என்பாள். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை போனில் கேம் விளையாடுகிறான். இந்த அம்மாயி பேச்சைக் கேட்பதே இல்லை.
(அயல்வீட்டுப் பிள்ளை எழுதித் தந்தது.)
– ஹட்டன்

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் அன்புக்குக் குறையில்லை. எல்லைதான் இல்லை, அது இல்லாமல் போனதற்குக் காரணம் தாயின் குற்ற உணர்ச்சியும் உங்களுடைய இரக்கமும். அமெரிக்காவில் 14 முதல் 18 வயது வரையான ஏறத்தாழ 4,100 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. அன்பு இருந்து எல்லை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை நிறைய இருந்தது. ஆனால் பாடசாலையில் ஒழுங்கீனமும் போதைப்பொருள் பழக்கமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. அன்பும் எல்லையும் சேர்ந்திருந்த வீட்டுப் பிள்ளைகளே எல்லாவற்றிலும் முன்னின்றார்கள். இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் பின்தங்கினார்கள்.

பேரன் தாய்க்கு போன் எடுத்து அழுவதை நான் வெறும் சூழ்ச்சியாகப் பார்க்கவில்லை. ஒன்பது வயதில் அம்மாவைப் பிரிந்த பையன் அவன். அம்மாவை அழவைப்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி ஒரு பொருளைக் கேட்பது. அவள் அழும்போது, தன்னை மறக்கவில்லை என்று அவனுக்கு உறுதியாகிறது. ஆகவே மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது பணத்தையல்ல. கிழமையில் இரண்டு நாளாவது, அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் எதுவோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, தவறாமல் பேசச் சொல்லுங்கள். பேச்சு சாமான் பட்டியலாக இருக்க வேண்டாம். இன்றைக்குப் பாடசாலையில் யார் பக்கத்தில் இருந்தான், என்ன சாப்பிட்டான் என்று சின்னச் சின்ன விஷயங்களைக் கேட்கட்டும்.

அதே பேச்சில், "அம்மாயி சொன்னால் அது அம்மா சொன்ன மாதிரி" என்று அவன் காதுபட மகள் சொல்ல வேண்டும். இதுதான் மருந்து. சட்டம் நிறைய வேண்டாம், இரண்டு மூன்று போதும். முதலாவது, இரவு ஒன்பது மணிக்கு போன் உங்கள் தலைமாட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்த வயதுக்கு இரவில் எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் தேவை. நம் வீடுகளில் விடியப் புறம் ஐந்து மணிக்கே அடுப்பு எரிந்து ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும் என்பதால், இரண்டு மணிக்குப் படுக்கிறவனுக்கு மூன்று மணிநேரம்கூட ஒழுங்காகக் கிடைக்காது. அவன் பேச்சுக் கேட்காமல் இருப்பதில் பாதி, தூக்கம் போதாத எரிச்சல். முதல் சில நாட்கள் கத்துவான், சாப்பிடமாட்டேன் என்பான். விட்டுக்கொடுக்காமல், ஏசாமல் இருங்கள்.

*

கேள்வி: வளர்ப்பு முறைகள் பற்றிய இந்த ஆய்வுகள் யாவும் மேலைநாட்டவருடையவை. பத்துப் பேர் சேர்ந்து வாழும் நமது தோட்டக் குடும்பங்களுக்கு அவை பொருந்துமா?
– ஓர் ஆசிரியர், கொட்டகலை

பதில்: பாதி பொருந்தும். அதிகாரத்தால் ஆளும் வளர்ப்பு, அன்போடு நெறிப்படுத்தும் வளர்ப்பு, விட்டுக்கொடுத்தே போகும் வளர்ப்பு என்ற பிரிவைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டயானா பௌம்ரிண்ட் 1960களில் வகுத்தபோது, அவர் பார்த்தவை பெரும்பாலும் வசதியான வெள்ளையர் குடும்பங்கள். கண்டுகொள்ளாமல் விடும் வளர்ப்பு என்ற நான்காவதை 1983இல் மக்கோபியும் மார்ட்டினும் சேர்த்தார்கள். ரூத் சாவ் என்பவர் 1994இல், சீனத் தாய்மாரின் கண்டிப்பை இந்தக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது என்றும், பிள்ளைக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் ஈடுபாடு அதனுள்ளே இருக்கிறது என்றும் எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு நம் அம்மாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். மலையிறங்கிக் களைத்து வந்து எட்டு மணிக்கே உறங்கிவிடும் தாயை, கண்டுகொள்ளாமல் விடுகிறவள் என்று ஒரு படிவத்தில் கோடு போட்டுவிட எனக்குக் கை வராது. ஆனால் வெட்கப்படுத்துவது வலிக்கும் என்பதற்கு நாடு, இனம் கிடையாது. பாடசாலைப் படிவங்களை நிரப்பும்போது நீங்களும் இதை மனதில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

*

கேள்வி: நான் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். "உனக்காகத்தான் உங்கம்மா மழையிலயும் அட்டைக்கடியிலயும் நிக்கிறா" என்று அப்பா தினமும் சொல்வார். புத்தகத்தைத் திறந்தால் அந்தக் குரல்தான் கேட்கிறது. வர்த்தகம் படிக்கத்தான் எனக்கு ஆசை இருந்தது; சொல்லப் பயம். இரவில் தூக்கமில்லை. நான் இல்லாமலே போனால் இவர்களுக்குப் பாரம் குறையும் என்று சில நேரம் தோன்றுகிறது.
– மாணவன், மஸ்கெலியா

பதில்: தம்பி, இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் அச்சேறும் வரை காத்திராமல், உறையில் நீ எழுதியிருந்த முகவரிக்கு அன்றைக்கே பதில் அனுப்பினேன். அதில் எழுதியவற்றுள் சிலவற்றை, உன்னைப் போல் எழுதாமல் இருப்பவர்களுக்காக இங்கும் தருகிறேன்.

கடைசி வரியில் நீ எழுதியதை உன் மனம் சொல்கிற உண்மையாக எடுத்துக்கொள்ளாதே. பல இரவுகள் தூங்காத, சோர்ந்துபோன மனதில் வருகிற எண்ணம் அது; வைத்தியத்தால் மாறக்கூடியது. உன் ஒருவனுக்கு மட்டும் வந்ததும் இல்லை. உலகில் 10 முதல் 19 வயது வரையானவர்களுள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் தனியாக வைத்துக்கொண்டிருக்காதே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசு. 18 வயது நிரம்பாதவர்கள் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஐயும் அழைக்கலாம். அழைப்பதோடு, உனக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒருவரிடம், அது வகுப்பாசிரியராகவோ மாமாவாகவோ யாராகவும் இருக்கட்டும், இந்தக் கடைசி வரியை அப்படியே சொல். சுற்றி வளைத்துச் சொன்னால், பரீட்சைப் பயம் என்று நினைத்துத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இனி உன் அப்பாவுக்கும், அவரைப் போன்ற எல்லா அப்பாக்களுக்கும். ஐயா, நீங்கள் சொல்வது பொய்யில்லை. உங்கள் மனைவி மழையில் நிற்பது உண்மை, அட்டைக்கடியும் உண்மை. ஊக்கம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொல்கிறீர்கள். ஆனால் தினமும் கேட்கிற பிள்ளையின் கணக்கில் அது ஒரு கடனாக ஏறுகிறது, பரீட்சையில் ஒரு 'சீ' எடுத்தால் அம்மாவை மழையில் நிறுத்திய குற்றமாகிறது. கடன்காரன் கடன் கொடுத்தவரிடம் மனம் விட்டுப் பேசுவதில்லை, அவரைக் கண்டால் ஒளிந்துகொள்வான். உங்கள் மகன் வர்த்தகம் படிக்க விரும்பியது ஒரு பத்திரிகைக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. தோட்டத்திலோ வீட்டிலோ களைநாசினி, பூச்சிமருந்துப் போத்தல்கள் இருந்தால், இந்த நிலையிலுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அவற்றை உடனே அப்புறப்படுத்துங்கள். கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகே நம் நாட்டில் தற்கொலை வீதம் பெருமளவு குறைந்தது.

தம்பி, பாடப் பிரிவைப் பற்றி அவசரமாக முடிவெடுக்க வேண்டாம். முதலில் தூக்கமும் மனமும் சீராகட்டும். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்ற இடமுண்டு. பிரிவை மாற்றி எழுதுவதும் நடக்காத காரியமில்லை, உன் ஆசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார். அப்பாவிடம் நேரே சொல்லப் பயமாக இருந்தால், அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து, இந்தப் பக்கத்தை மடித்து அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போ. மஸ்கெலியாவிலிருந்து எழுதிய பையன் யார் என்று அவர் கேட்டால், நீதான் என்று சொல்.